இசை நூல் நிலையம் யாருக்கு?

(வளையமாதேவியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம் இசை நூல் நிலையம் என்பதாகும். விளம்பரத்தைப் பார்த்ததும் உங்களில் சிலர், "நிலம் போகிறதே, கிணறு வற்றுகிறதே என்று கவலைப்பட்டுக் கொண்டிருக்கிற ஊரில் வந்து சங்கீதப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறானே, இவனுக்கு வேறு வேலை இல்லையா?" என்று நினைத்திருக்கலாம். வரும் வழியில் ஒரு தோழர் என்னிடம் அப்படியே கேட்டும் விட்டார். அவர் கேட்டது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். பிறகு உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள். படாததை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நூல் நிலையம் என்றால் புத்தகம் அடுக்கிய அலமாரிகள் என்று நமக்குத் தெரியும். இசை நூல் நிலையம் அதோடு முடிந்து விடுவதில்லை. அங்கே பாட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். அந்தப் பாட்டின் மெட்டைச் சுரப்படுத்தி எழுதிய குறிப்பு இருக்க வேண்டும். பழைய ஓலைச் சுவடி, கிராமபோன் தட்டு, ஒலிநாடா, இன்றைய கணினியில் சேர்த்து வைத்த ஒலிப்பதிவு ஆகிய எல்லாம் இருக்க வேண்டும். அவற்றைக் கேட்பதற்கு ஒரு கருவியும், உட்கார ஓர் இடமும், "இந்தப் பாட்டு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கத் தெரிந்த ஓர் ஆளும் இருக்க வேண்டும். இவ்வளவும் ஏன் வேண்டுமென்றால், இசைக்கு ஏட்டில் பாதி உயிர்தான் இருக்கிறது. மற்றப் பாதி காதில் இருக்கிறது.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. சீர்காழி முத்துத்தாண்டவர் தமிழில் கீர்த்தனை செய்த முன்னோடி. அதே சீர்காழியில் வாழ்ந்து இராம நாடகக் கீர்த்தனை செய்தவர் அருணாசலக் கவிராயர். சிதம்பரத்துக்கு அருகே தில்லைவிடங்கனில் வாழ்ந்தவர் மாரிமுத்தாப் பிள்ளை. இம்மூவரும் திருவையாற்றுத் தியாகராஜருக்கு முந்தியவர்கள். ஆனால் முத்துத்தாண்டவர் பாடிய பாட்டுகளில் சொற்ப பாகந்தான் நம் கைக்கு வந்தது. அப்படி வந்தவற்றிலும் சொல் வந்ததே தவிர, அவர் பாடின மெட்டு வரவில்லை. இன்று மேடையில் பாடுகிறவர்கள் பிற்காலத்தார் போட்ட மெட்டில்தான் பெரும்பாலும் பாடுகிறார்கள். அந்த மெட்டு எங்கே போயிற்று? அதை எழுதி வைக்க ஆளில்லை. எழுதினாலும் வைக்க இடமில்லை. அவ்வளவுதான் காரணம். இதில் தலைவிதி ஒன்றும் கிடையாது.

தலைவிதி என்று சொன்னதால் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. நம்மில் பலர் இதைப் பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். தேவாரம் பாடின மூவருக்குப் பிறகு அந்தப் பாட்டுகள் கிடைக்கவில்லையாம். ஒரு சோழராஜா தேடினானாம். தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கிறது என்று தெரிந்ததாம். பாடினவர்கள் மூவரும் வந்தால்தான் கதவைத் திறப்போம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்களாம். ராஜா மூவரின் விக்கிரகங்களைத் தூக்கி வந்து, "இதோ வந்து விட்டார்கள்" என்றானாம். கதவு திறந்தது. உள்ளே பார்த்தால் ஏடுகளைக் கறையான் தின்று புற்று மூடியிருந்தது. ராஜா அழுதானாம். உடனே ஆகாயத்திலிருந்து ஒரு குரல், "இந்தக் காலத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை நாமே செல்லரிக்கச் செய்தோம்" என்று சொல்லிற்றாம். லட்சத்துக்கு மேல் இருந்த பதிகங்களில் சுமார் 800 மிஞ்சின என்று புராணக்காரர் கணக்குச் சொல்லுகிறார்.

லட்சக் கணக்கை நான் நம்பவில்லை. ஆகாயக் குரலையும் நம்பவில்லை. ஆனால் கறையானை நம்புகிறேன். ஏனென்றால் கறையானை நானே பார்த்திருக்கிறேன். ஓலையை அறையில் போட்டுப் பூட்டி, காற்றும் வெளிச்சமும் மனிதன் கையும் படாமல் வைத்தால் கறையான் தின்னும். கறையானுக்கு தேவாரமும் ஒன்றுதான், தெம்மாங்கும் ஒன்றுதான். ஆகவே அழித்தது ஆண்டவன் சித்தமல்ல, பூட்டின் வேலை. பூட்டினவனைக் கேள்வி கேட்காமல் இருப்பதற்காகவே ஆகாயத்தில் ஒரு குரலை உண்டாக்கினார்கள் என்பதுதான் என்னுடைய அபிப்பிராயம். அந்தக் காலத்துக் கல்லுக்கு இருந்த நாணயம் கூட அந்த அறைக்கு இல்லை. திருவிடைவாய் என்ற ஊர்க் கோயிலில் கல்லில் வெட்டியிருந்த ஒரு சம்பந்தர் பதிகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஏட்டில் போனது கல்லில் இருந்தது. காரணம், கல் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது.

இந்தக் கதையில் எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிற ஓர் இடம் இருக்கிறது. ஏடு கிடைத்தது, ஆனால் பாடுவது எப்படி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பண் மறந்து போயிற்று. பிறகு யார் சொல்லிக் கொடுத்தது? திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் வழியில் வந்த ஒரு பெண் சொல்லிக் கொடுத்தாள் என்று அந்தப் புராணமே சொல்லுகிறது. தோழர்களே, அந்த ஊர் எது தெரியுமா? நம் விருத்தாசலம் பக்கத்து இராசேந்திரப்பட்டினந்தான்! பாணர் யார்? அந்தக் குலத்தில் பிறந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் கோயில் வாசலுக்கு வெளியே நின்று யாழ் வாசித்தவர் என்று பெரிய புராணமே கூறுகிறது. அப்படியானால் கணக்கைப் பாருங்கள். உள்ளே பூட்டி வைத்தவர்களிடம் ஏடு கெட்டது. வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் பண் பிழைத்தது. இவ்வளவு பெரிய உபகாரம் செய்தவளின் பேர் என்ன? கதை சொல்லுகிறவர்கள் "ஒரு பெண்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ராஜாவுக்குப் பேர் உண்டு, ஏட்டைத் தொகுத்தவருக்குப் பேர் உண்டு. இசையை வைத்திருந்தவளுக்குப் பேர் இல்லை.

இது கதையில் நடந்தது மாத்திரமல்ல. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், தம் காலத்துக்கு முன்பே பெருநாரை, பெருங்குருகு முதலிய இசைத்தமிழ் நூல்கள் இறந்து போயின என்று எழுதி வைத்திருக்கிறார். தம் கையில் இருந்தவை என்று பஞ்சமரபு முதலிய சில நூல்களைச் சொல்லுகிறார். அந்த உரையே 1892இல் உ.வே.சாமிநாதையர் சிலப்பதிகாரத்தோடு அச்சிட்ட பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. பஞ்சமரபு இன்னும் 80 ஆண்டுகள் கழித்து, 1970களில் ஓலையிலிருந்து அச்சேறிற்று. புத்தகத்தின் பேரை வைத்துக் கொண்டு புத்தகத்துக்காக இத்தனை காலம் காத்திருந்த ஜாதி நாம்.

இப்படிக் கிடந்ததைத் தேடி எடுத்தவர்களும் இருந்தார்கள். தஞ்சாவூரில் மருத்துவராயிருந்த ஆபிரகாம் பண்டிதர் சொந்தப் பணத்தைச் செலவழித்து 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் கூட்டி, வித்வான்களை அழைத்து ஆராய்ந்து, 1917இல் கருணாமிர்த சாகரம் என்று ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூலை வெளியிட்டார். மட்டக்களப்புப் பக்கம் காரைத்தீவில் பிறந்த விபுலானந்தர் பழைய யாழ்களைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் காவி கட்டியவர். அவர்கள் மதம் நமக்கு வேண்டியதில்லை. அவர்கள் உழைப்பு நமக்கு வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா என்பவர், மற்றவர்கள் எடைக்குப் போட்ட பழைய புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார். படித்தவர்கள் குப்பை என்று ஒதுக்கிய நாடகப் பாட்டுப் புத்தகமும் சினிமாப் பாட்டுப் புத்தகமும் அவரிடம் அடைக்கலம் புகுந்தன. அவர் 1992இல் காலமான பின், அமெரிக்காவிலுள்ள சிக்காகோ சர்வகலாசாலை அதை விலைக்கு வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைக்க ஏற்பாடு செய்தது. பலகை எழுதினவருக்குத் தெரிந்த மதிப்பு பட்டம் வாங்கினவர்களுக்குத் தெரியவில்லை.

ஒலி விஷயமும் இப்படியே. ஆஸ்திரியா தேசத்து வியன்னாவில் 1899லேயே ஒலிப்பதிவுகளுக்கென்று ஒரு நிலையம் வைத்து விட்டார்கள். நம் நாட்டில் 1902இல் கிராமபோன் கம்பெனிக்காரன் வந்தான். அவன் வந்தது வியாபாரத்துக்கு. அப்போது பெரிய வித்வான்கள் பலர் தட்டில் பாடினால் கௌரவக் குறைவு என்று ஒதுங்கினார்கள். துணிந்து பாடியவர்கள் சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம் முதலிய பெண்மணிகள். ஊரார் இழிவாகப் பேசிய குலத்தில் பிறந்தவர்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நூறு வருஷத்துக்கு முந்தின கர்நாடக சங்கீதத்தை இன்று காதால் கேட்க வேண்டுமென்றால் இவர்கள் குரலைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தத் தட்டு அரக்கால் செய்தது, கீழே விழுந்தால் உடையும், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷந்தான் பாடும். பிறகு வந்த ஒலிநாடாவோ ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஒரு வகை நாடா கெட ஆரம்பித்தால் காடி வாடை அடிக்கும். கெடுவதற்கு முன் வேறொன்றில் பெயர்த்து வைக்க வேண்டும். இதற்குக் குளிர்ந்த அறையும், ஓயாத மின்சாரமும், தொழில் தெரிந்த ஆளும் வேண்டும். தனி மனிதன் வீட்டில் இது நடக்காது. ஆகையால்தான் சர்வகலாசாலை செய்ய வேண்டும் என்கிறோம்.

நமக்கு அப்படி ஒரு சர்வகலாசாலை தூரத்தில் இல்லை. சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டினால் சிதம்பரம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் ஏற்பட்டது. அதோடு இசைக் கல்லூரியும் இருக்கிறது. 1941இல் அங்கே கூடிய தமிழிசை மாநாடுதான், தமிழ்நாட்டுக் கச்சேரியில் தமிழ்ப் பாட்டுப் பாடு என்று கேட்டது. தமிழன் தமிழில் பாடு என்று கேட்பதற்கே மாநாடு கூட்ட வேண்டியிருந்த காலம் அது! பல்கலைக்கழகமே தமிழ்ப் பாட்டுகளைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிட்டது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றி, 1949 முதல் பண் ஆராய்ச்சி நடத்தி வந்தது. இவை நல்ல காரியங்கள். நான் மறுக்கவில்லை. 2013 முதல் அந்தப் பல்கலைக்கழகம் சர்க்கார் வசம் இருக்கிறது. சர்க்கார் பணம் யார் பணம்? நீங்கள் கட்டுகிற வரிதான் அது. ஆகவே அங்குள்ள புத்தகமும் ஒலிப்பதிவும் உங்களுடையவை என்று கேட்க உங்களுக்குப் பாத்தியதை உண்டு.

இனி, வழியில் என்னைக் கேள்வி கேட்ட தோழருக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்து விட்டேன். 1956இல் நெய்வேலிக் கம்பெனி ஏற்பட்டது. 1957இல் சுரங்கம் வெட்டத் தொடங்கினார்கள். பழுப்பு நிலக்கரி வந்தது, மின்சாரம் வந்தது, பலருக்கு உத்தியோகமும் வந்தது. அதற்காகப் பல கிராமங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. 2023 ஜூலையில் இந்த வளையமாதேவியிலேயே சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கின. அது நாடு முழுவதும் அறிந்த செய்தி. நஷ்ட ஈடு போதுமா, வேலை கொடுத்தார்களா என்ற வழக்கை நீங்கள் நடத்துகிறீர்கள், நடத்த வேண்டியதுதான். அதைப் பற்றிப் பேச என்னைவிட யோக்கியதை உள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. நிலம் எடுக்க வந்த அதிகாரி ஜாபிதா போட்டான். வீடு ஒன்று, கிணறு ஒன்று, தென்னை இத்தனை, மா இத்தனை என்று எழுதினான். அந்த வயலில் நடவு நட்ட பெண்கள் பாடின பாட்டு எத்தனை என்று எழுதினானா? எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை. நடவுப் பாட்டு வயலில் குனிந்து நிற்கும்போது பாடுவது. ஏற்றப் பாட்டு ஏற்றம் இறைக்கும்போது பாடுவது. ஏற்றம் போயிற்று, பாட்டும் போயிற்று. வயல் போனால் நடவுப் பாட்டும் போகும். வீடு இடிந்தால் வேறொரு வீடு கட்டலாம். தென்னை போனால் வேறொரு கன்று வைக்கலாம். எழுபது வயதுக் கிழவி ஒருத்தி செத்துப் போனால் அவள் தொண்டையில் இருந்த நூறு பாட்டை எந்தக் கடையில் வாங்குவது? நிலத்துக்காகப் போராடுகிற ஊருக்குத்தான் இந்த நூல் நிலையம் அவசரமாக வேண்டும் என்று நான் சொல்லுவது இதனால்தான்.

இதற்கு நம்மவர்களிலேயே சிலர் ஆட்சேபனை சொல்லுவார்கள். "அந்தப் பாட்டுகளில் மாரியாத்தாளும் காத்தவராயனும் இருக்கிறார்களே, பெண்ணை இழிவாகப் பேசுவது இருக்கிறதே, பகுத்தறிவுக்காரன் இதையெல்லாம் காப்பாற்ற வேண்டுமா?" என்று கேட்பார்கள். நூல் நிலையம் கோயிலல்ல. அங்கே வைத்திருப்பதைக் கும்பிட வேண்டியதில்லை, படித்துப் பார்க்க வேண்டும். வைத்தியக் கல்லூரியில் நோய் பிடித்த ஈரலைப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறானே, நோயைக் காப்பாற்றுவதற்கா? ஒப்பாரியை எடுத்துக் கொள்ளுங்கள். தாலி அறுத்தவள் பட்ட பாட்டை, அண்ணன் வீட்டில் அடிமையாய்க் கிடந்த கதையை, வேறெங்கும் வாய் திறக்க முடியாதவள் பிணத்தின் முன்னால் உட்கார்ந்து கொண்டு சொன்னாள். அது இந்தச் சமூகத்தின் பேரில் அவள் எழுதி வைத்த பிராது. அந்தப் பிராதைக் கிழித்துப் போடுகிறவன் பகுத்தறிவுக்காரனா, அல்லது குற்றவாளியின் சிநேகிதனா என்று யோசித்துப் பாருங்கள். தேவாரமும் அப்படித்தான். அதில் சொல்லியிருப்பதை மறுக்க எனக்கு உரிமை உண்டு. ஆனால் பழம்பஞ்சுரம் என்று ஓதுவார் பாடுவதும் சங்கராபரணம் என்று வித்வான் பாடுவதும் ஒன்றாயிருக்கிறதே, அது எப்படி என்று தெரிந்து கொள்ள, அது அழியாமல் இருக்க வேண்டும். எதிர்ப்பதற்கும் புத்தகம் வேண்டும்.

நம்மையும் ஒரு வார்த்தை சொல்லிக் கொள்ளுகிறேன். நம் கூட்டங்களில் பேச்சுக்கு முன்னால் பாடின தோழர்கள் எத்தனை பேர்! ஓரணாப் பாட்டுப் புத்தகம் எத்தனை அச்சிட்டோம்! அவற்றில் எத்தனை இன்று கையில் இருக்கின்றன? அந்தப் பாட்டு எந்த மெட்டில் பாடப்பட்டது என்று யாருக்குத் தெரியும்? கோயில் அறையைப் பூட்டினவனைக் குற்றம் சொன்ன நாம், நம் வீட்டுப் பரணையும் ஒரு முறை ஏறிப் பார்க்க வேண்டாமா?

ஆகவே நாம் கேட்க வேண்டியது என்ன? முதலாவது, கதவு. இசைக் கல்லூரி நூல் நிலையத்துக்குள் படிக்கிற மாணவன் மட்டுமல்ல, தெருக்கூத்து வாத்தியாரும், நாகசுரக்காரரும், பறை அடிக்கிற தோழரும், பள்ளிக்கூட ஆசிரியரும் போய்க் கேட்டால் உட்கார வைத்துக் காட்ட வேண்டும். புத்தகம் உபயோகத்துக்கே என்பதை 1931இல் நூலக விதிகளில் முதல் விதியாக எழுதியவர் நம் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன். அவர் என்ன ஜாதி என்று நான் பார்க்கவில்லை. சொன்னது சரியா என்று பார்த்தேன். சரி.

இரண்டாவது, பட்டியல். ஒரு பாட்டை முதலடியால் தேடினாலும், மெட்டால் தேடினாலும், பாடினவர் பேரால் தேடினாலும், ஊர் பேரால் தேடினாலும் கிடைக்கும்படி தமிழில் பட்டியல் வேண்டும். அதில் கீர்த்தனையை "சங்கீதம்" என்றும் நடவுப் பாட்டை "இதர வகை" என்றும் போட்டு, அலமாரியிலேயே அக்கிரகாரமும் சேரியும் கட்டக் கூடாது.

மூன்றாவது, பேர். பாட்டை எடுத்துக் கொண்டால், பாடினவள் பேர், ஊர், தேதி எழுத வேண்டும். அவள் சம்மதம் கேட்க வேண்டும். ஒரு பிரதி அவள் ஊருக்குத் திரும்பி வர வேண்டும். இது நடக்காத காரியமல்ல. ஆர்னால்டு பேக் என்ற டச்சுக்காரர் 1938இல் தென்னாட்டில் சுற்றிப் பாட்டுகளைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகளை எடுத்துக் கொண்டு 1984இல் வேறு ஆராய்ச்சிக்காரர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். அந்நியன் பதிவு செய்ததை நாற்பத்தாறு வருஷம் கழித்து ஊராரிடமே கொண்டு வந்து போட்டுக் காட்ட முடிந்தால், முப்பது மைல் சுற்றுவட்டாரத்தில் உள்ள கல்லூரிக்கு முடியாதா?

கல்லூரிக்காரர்கள் செய்யும் வரை நாம் கைகட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. இப்போது உங்கள் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் பதிவு செய்யலாம். ஆனால் கைப்பேசியிலேயே விட்டுவிட்டால், அதுவும் பூட்டிய அறைதான். தொலைந்தால் கறையான் தின்றதற்குச் சமானம். பாட்டைப் பதிந்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் பாட்டு, பாடினவர் பேர், எந்த வேலையின் போது பாடுவது என்று எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ஒரு பிரதி ஊர்க் கிளை நூலகத்தில் இருக்கட்டும், ஒரு பிரதியைச் சிதம்பரத்துக்குக் கொண்டு போய்க் கொடுத்து ரசீது கேளுங்கள். வாங்க மாட்டோம் என்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

தாய்மார்களே, கடைசியாக உங்களுக்குச் சொல்லிக் கொள்ளுகிறேன். "எங்களுக்கு என்ன தெரியும், நாங்கள் படிக்காதவர்கள்" என்று சொல்லாதீர்கள். இராசேந்திரப்பட்டினத்துப் பாணர் பெண்ணிடம் ராஜா வந்து நின்றபோது அவள் அப்படிச் சொல்லியிருந்தால் இன்று ஓதுவாருக்குப் பண் ஏது? ஆனால் அவள் பேர் நமக்குத் தெரியாமல் போயிற்று. உங்கள் பேர் அப்படிப் போகக் கூடாது. இன்று கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டுக் கிழவியை உட்கார வைத்து ஒரு பாட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முதலில் அவள் பேரை எழுதுங்கள். பிறகு பாட்டை எழுதுங்கள்.